'அறம்' என்ற சொல்லின் பொருள் என்ன? 'தர்மம்' என்பதைத்தான் தமிழில் அப்படிச் சொல்கிறோமா?

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

'அறு' என்ற வினையிலிருந்து வந்தது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். இது செய்யலாம், இது கூடாது என்று வரையறுத்தது அறம். (மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வேர்ச்சொல் விஷயத்தில் வேறு கட்சிகளும் உண்டு என்று எனக்கும் தெரியும்.) திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் 'மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' அறம் என்று எழுதியதால் தர்மமும் அறமும் ஒன்றே என்பவர்கள் உண்டு. ஆனால் வள்ளுவர், மனதில் மாசில்லாமல் இருப்பதுதான் அறம், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்கிறார் (குறள் 34). புறநானூற்று 134ஆம் பாட்டில் புலவர் முடமோசியார் வள்ளல் ஆயை, மறுமைப் பலனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் என்கிறார். அங்கே கொடையும் அதன் பலனும் அறம். இன்றைய 'அறக்கட்டளை'யில் இருப்பதும் அந்தக் கொடைதான்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் போட்டியில் இவ்வளவும் சொல்லிவிட்டு, 'அறம் பாடுதல்' பற்றியும் சொன்னாள். பாட்டுடைத் தலைவனுக்கு, அதாவது யாரைப் பாடுகிறார்களோ அவருக்கு, கேடு வரும்படி எழுத்தும் சொல்லும் வைத்துப் பாடுவது அது. தன்மேல் அப்படிப் பாடப்பட்ட நந்திக் கலம்பகத்தைக் கேட்டே பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் உயிரை விட்டான் என்பது கர்ண பரம்பரைக் கதை. வரலாறு என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. 'அறு'வில் வரையறுப்பதும் இருக்கிறது, அறுத்து முடிப்பதும் இருக்கிறது என்று அழகாகவே கோர்த்தாள். அந்தக் கடைசி வரி மட்டும் என் யோசனை.

நடுவராக வந்தவர் மைக்கைப் பிடித்து, "அறம்னா நல்லதுதாம்மா, அபசகுனமா பேசக்கூடாது" என்றார். அரங்கம் சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது. தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் நல்லொழுக்கம், தருமம் என்று போகிற அதே பட்டியலில் இந்தத் தீப்பயன் பொருளும் இருக்கும். பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் இன்னொன்று. காலையிலேயே போட்டி முடிந்தும், சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று மதியம் தாண்டியும் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர் பேசியதோ தன் பேரனின் அமெரிக்கப் படிப்பைப் பற்றி. போவதானால் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.