கேக் வாசனையில் கறுப்பு பீர்: வீட்டு ஸ்டவுட் பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் பீர் காய்ச்ச ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இங்கே 1963-லேயே வீட்டு பீருக்கான லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். விற்காதவரை யாரும் கேட்கமாட்டார்கள். பேஸ்ட்ரி ஸ்டவுட், அதாவது சாக்லேட், வெனிலா, தேங்காய் என்று இனிப்புக் கடை வாசனை வீசும் கறுப்பு பீர்தான் என் பைத்தியம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். அளவெல்லாம் 20 லிட்டருக்கு.

கேள்வி: கடையில் விற்கும் ஸ்டவுட் கிட்டில் சாக்லேட் எசன்ஸ் ஊற்றினால் போதாதா?

குடிக்கலாம். ரசத்தில் கேக் வாசனை வந்த மாதிரி இருக்கும். இந்த வகைக்கு முதலில் கெட்டியான பீர் வேண்டும். நான் போடுவது: மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 6 கிலோ, மியூனிக் 1 கிலோ, ஓட்ஸ் 700 கிராம், கிரிஸ்டல் மால்ட் 400, சாக்லேட் மால்ட் 400, வறுத்த பார்லி 250. சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் துளியும் கிடையாது. அந்த நிறம் வரும்வரை வறுத்த மால்ட், அவ்வளவுதான். ஆனால் குடிப்பவர் நாக்கில் பாதி சாக்லேட் அதிலிருந்துதான் வருகிறது.

மேஷை, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவையை, 68, 69 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட்டால் சாப்பிட முடியாத சர்க்கரைகள் நிறைய மிஞ்சும், பீருக்குக் கனம் அதுதான். மாக்னம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் கொடிப்பூ) 35 கிராம், ஒரு மணி நேரக் கொதி. கசப்பைக் குறைக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டாவது கிளாஸ் இறங்காது. கொதி முடியும் நேரத்தில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, 500 கிராம். தொடக்க கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி) 1.090 அருகே வரும், 1.030-இல் நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 8 சதவீதம். உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் போதாது, இரண்டு போடுங்கள்.

கேள்வி: சார், இனிப்பு வரட்டும் என்று ஒரு கிலோ வெல்லம் கொட்டினேன். இனிப்பே இல்லை, காட்டம்தான் ஏறியிருக்கிறது.

வெல்லத்தை நீங்கள் போட்டீர்கள், ஈஸ்ட் சாப்பிட்டுவிட்டது. நம் ஊரில் ஊறல் போடுகிறவர்கள் வெல்லத்தை எதற்கு வாங்குகிறார்கள் என்று யோசியுங்கள்! சீனி, தேன், வெல்லம் எல்லாமே ஏறக்குறைய முழுசாகச் சாராயமாகிவிடும், கொஞ்சம் வாசனைதான் மிஞ்சும்.

பீரில் இனிப்பாக நிற்பது ஈஸ்ட் தொடாத பொருள். லாக்டோஸ் அப்படிப்பட்டது. கென்ட்டில் ஹைத் என்ற ஊரில் மேக்கசன் கம்பெனி மில்க் ஸ்டவுட் விற்க ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைக்கும் நாம் செய்வது அதே வித்தைதான். சாதாரண சீனியில் ஆறில் ஒரு பங்கு இனிப்புத்தான் லாக்டோஸுக்கு, ஆகவே அரைக் கிலோ என்றதும் பயப்படாதீர்கள். விருந்தாளிகளில் பால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அண்ணை, நான் ரொறொன்ரோவில இருந்து. லயன் ஸ்டவுட் குடிச்சுப் பழகின ஆள். வட்டிலப்ப ருசியில ஒரு ஸ்டவுட் செய்யேலுமோ? தேங்காய்ப்பால் எப்ப விடவேணும்?

தம்பி, இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வட்டிலப்பம் என்றால் தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்து அவிக்கும் இலங்கை இனிப்பு. இலங்கையின் நுவரெலியாவில் தொடங்கிய கம்பெனியின் 8.8 சதவீத பீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அடிப்படையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேங்காய்ப்பாலை மறந்துவிடுங்கள். அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும், நாள்பட்டால் காறலும் அடிக்கும். முட்டைக்கும் இதே பதில்! இனிப்பில்லாத தேங்காய்த் துருவல் 400 கிராமை ஓவனில் பொன்னிறமாக வறுத்து, காகிதத்தில் பரப்பி எண்ணெயை ஒற்றி எடுத்து, கொதிநீரில் போட்டெடுத்த துணிப்பையில் கட்டி, நொதித்து அடங்கிய பீரில் ஐந்து நாள் தொங்கவிடுங்கள். கித்துள் பனையின் கருப்பட்டி அரைக் கிலோ, கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில். இனிப்பு போய்விடும், அந்தப் புகை கலந்த மணம் நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஏலக்காய் ஐந்து போதும், இடித்து வோட்காவில் ஊறவைத்து விடுங்கள். பத்து போட்டால் பாயசக் கடைக்குள் தலைகீழாக விழுந்த மாதிரி இருக்கும், நான் விழுந்திருக்கிறேன். சாதிக்காய் ஒரு சிட்டிகை.

கேள்வி: கோகோ பவுடரா, கோகோ நிப்ஸா? வெனிலா எத்தனை காய்?

நிப்ஸ், அதாவது உடைத்த கோகோ விதைத் துண்டுகள். பவுடர் அடியில் சேறாகப் படியும், சாக்லேட் கட்டியில் கொழுப்பு அதிகம். 200 கிராம் நிப்ஸை மூழ்கும் அளவு வோட்காவில் நாலு நாள் ஊறவைத்து, அப்படியே பெர்மென்டரில் (பீர் நொதிக்கும் பாத்திரம்) கொட்டுங்கள். ஒரு வாரம். வெனிலா மூன்று காய், நீளவாக்கில் கீறிச் சுரண்டி, 100 மில்லி வோட்காவில் பத்து நாள். காய் விலைக்கு அதைக் குத்துமதிப்பாக ஊற்ற மனசு வராது. ஆகவே 100 மில்லி பீரை கிளாஸில் எடுத்து, மருந்து சிரிஞ்சில் 0.1 மில்லி, 0.1 மில்லியாக விட்டுச் சுவையுங்கள். பிடித்த அளவை 200-ஆல் பெருக்கினால் 20 லிட்டர் கணக்கு வந்துவிடும்.

கேள்வி: காபி போட்ட ஸ்டவுட்டில் குடைமிளகாய் வாசனை வருகிறதே?

கொட்டையை ரொம்ப நாள் ஊறவிட்டிருப்பீர்கள். 80 கிராம், உடைக்காத கொட்டை, 24 மணி நேரம், பிறகு வடித்துவிடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த டிகாக்ஷன் எடுத்து பாட்டிலில் அடைக்கும் நாளில் சேருங்கள்.

கேள்வி: பாட்டில் அடைக்கும்போது காரமல் சாஸ் கலக்கலாமா?

கூடாது. ஐந்தாவது வருடம் நான் மேப்பிள் சிரப்பை அப்படித்தான் கலந்தேன். பீர் தெளிந்துவிட்டது, ஈஸ்ட் செத்துவிட்டது என்று நினைப்பு. சாகாது, பட்டினி கிடக்கும். மூன்றாவது வாரம் நடுராத்திரி மாடிப்படி அலமாரியில் டமால். மனைவி திருடன் என்று நினைத்தாள், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன். மறுநாள் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு மிச்சம் ஒன்பது பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கண்ணாடிச் சில்லு பிளைவுட் கதவில் குத்தியிருந்தது.

கிராவிட்டி மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகு, மொத்தமாக 100 கிராம் சீனி மட்டும் கரைத்துவிட்டு அடையுங்கள். காரமல் வாசனை வேண்டுமானால் கிரிஸ்டல் மால்ட்டைக் கூட்டுங்கள்.

கேள்வி: நிலக்கடலை வெண்ணெய்?

எண்ணெய் நீக்கிய கடலைப் பொடி கிடைக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் பக்ஸ்டனும் ஸ்வீடனின் ஆம்னிபொல்லோவும் சேர்ந்து செய்த 'யெல்லோ பெல்லி'யைப் பாருங்கள்: கடலை வெண்ணெய் பிஸ்கெட் ஸ்டவுட் என்று பெயர், உள்ளே கடலையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, பிஸ்கெட்டும் இல்லை. கடலை அலர்ஜி உள்ள நண்பர் ஒருவர் எனக்கும் உண்டு, அதனால் நானும் அந்தக் கட்சி.

கேள்வி: சென்னையில் வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஊறி முடிந்த நிப்ஸை என்ன செய்வது? எங்கள் நாய் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

உடனே மூடி போட்ட குப்பைத்தொட்டியில். கோகோ நாய்க்கு விஷம், கொதித்து வடித்த ஹாப்ஸும் விஷம்தான். மால்ட் சக்கையை உரக்குழியில் போடுவதென்றாலும் அதில் ஹாப்ஸ் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.