கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஹெரால்ட்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய கார் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. இரண்டே கதவுகள். பானட்டைத் தூக்கினால் மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்தே முன்பக்கமாகச் சாய்கின்றன. கே.எல்.பி. நம்பர். லண்டனிலிருந்து கப்பலில் வந்த டிரையம்ப் என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். இது என்ன வண்டி? வாங்கலாமா?

வாசகர், சித்தூர் தாலுகா, பாலக்காடு

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பானட் ஒன்றே போதும். அது ஹெரால்ட். அன்றைய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் மூடி மட்டும்தான் திறக்கும். இதில் முன்பக்கம் மொத்தமும் எழுந்துவிடும், இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றே வேலை பார்க்கலாம். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக 1959இல் வந்தது. 1961 முதல் மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகச் செய்தது. 948 சிசி இன்ஜின்.

நீங்கள் பார்த்ததும் அநேகமாக மெட்ராஸ் வண்டிதான். வண்டிமேல் ஒட்டியிருக்கும் பெயரெழுத்தை நம்ப வேண்டாம், அதை யாரும் மாற்றி ஒட்டலாம். பானட்டுக்குள் இருக்கும் தகட்டையும் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயரையும் பாருங்கள். கே.எல்.பி. என்பது 1989க்கு முந்தைய பாலக்காட்டு நம்பர், அவ்வளவே. நம் ஆட்கள் கையால் செய்த வண்டியை லண்டன் வண்டி என்று சொன்னால்தான் விலை போகும் என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்ட் கிடையாதே! அதைச் செய்தது மெட்ராஸ்தான், மார்க் த்ரீ என்று. அதற்கும் முந்தியது உங்கள் இரண்டு கதவு வண்டி.

சரி, வாங்குவதைப் பற்றி. பெயிண்ட் பளபளப்பை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். இந்த வண்டிக்குச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தனி. பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு அதன்மேல் பூட்டியிருப்பார்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளைத்தான் துரு முதலில் தின்னும். உங்கள் பக்கத்து மழையில் நின்ற வண்டி என்றால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் விடாதீர்கள். கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றிருந்தால் சேஸிஸ் தொய்ந்திருக்கலாம். பின்சக்கரங்கள் சாய்ந்து நின்றால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். போல்ட் போட்ட பாடி என்பதால் நல்ல டிங்கர் கிடைத்தால் பழுதான துண்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். அந்த வசதிக்காகவே இந்த வண்டியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொள்வதாக இருந்தால் கேரளத்து ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வேண்டும். அதை வாங்கித் தருகிறேன் என்று விற்பவர் ஒப்புக்கொள்ளும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.