மரக்கட்டை விடுதியில் ஓர் இரவு: பணம் எதற்குக் கொடுக்கிறோம்?

கேள்வி: அமெரிக்காவில் டென்வரில் வசிக்கிறோம். கோடையில் ஊரிலிருந்து வரும் மாமனார், மாமியாரை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போக ஆசை. அங்குள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் விடுதியில் பெரிய நகரத்து ஓட்டல் அளவுக்கு வாடகை கேட்கிறார்கள். டிவி கிடையாது, ஏசி கிடையாது, சில அறைகளுக்குக் குளியலறையும் தாழ்வாரத்தில் பொதுவாம். இந்த விலை நியாயமா?

பதில்: அறையை மட்டும் பார்த்தால் நியாயமில்லை. ஆனால் அங்கே யாரும் அறைக்காகப் பணம் கொடுப்பதில்லை. ராபர்ட் ரீமர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, 1903-04 பனிக்காலத்தில் பெரும்பகுதி எழும்பிய விடுதி அது. சுற்றுவட்டாரக் காட்டிலிருந்து வந்த பைன் மரமும் எரிமலைப் பாறையும்தான் கட்டுமானப் பொருள்கள். முகப்புக் கூடத்தின் உயரம் சுமார் 76 அடி. அண்ணாந்து பார்த்தால் கோணல்மாணலான கிளைகளையே கைப்பிடியாக்கிய மாடங்கள் அடுக்கடுக்காக மேலே போகும். நடுவில் 500 டன் எடையுள்ள கல் கணப்படுப்பு. உச்சியில், அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் அமர்ந்து வாசித்த சிறு மரப்பரண் ஒன்றும் உண்டு. 1959 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பொதுமக்களை ஏற்றுவதில்லை.

இவ்வளவையும் பார்க்க அங்கே தங்க வேண்டியதில்லை என்பதை முன்பதிவுத் தளங்கள் தாமாகச் சொல்லாது. கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும். இரண்டாம் தளத்து வெளிமாடத்தில் உட்கார்ந்தால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று பீறிடுவது தெரியும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பீறிடும்; அடுத்தது எப்போது என்று பூங்கா ஊழியர்கள் பத்து நிமிட முன்பின்னில் கணித்து அறிவிப்பார்கள்.

அப்படியானால் வாடகையில் என்னதான் வாங்குகிறோம்? பகல் கூட்டம் கலைந்த பிறகான மாலையையும், பஸ்கள் வந்து சேராத விடியலையும். மேற்கு வாசல் ஊரான வெஸ்ட் யெல்லோஸ்டோனில் தங்கினால் ஒரு வழிக்கு 30 மைல். காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான். எனவே மூன்று இரவுப் பயணமென்றால் ஓர் இரவை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை வெளியே போதும் என்பது என் கணக்கு.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விடுதியின் ஆதிப் பகுதியைப் 'பழைய வீடு' என்கிறார்கள். பொதுக் குளியலறை உள்ள மலிவு அறைகள் அங்கேதான். படம் பார்த்ததும் மனம் அதற்குத்தான் போகும். ஆனால் அந்தப் பகுதியில் லிஃப்ட் இல்லை. பக்கத்து அறைப் பேச்சும் மரச்சுவர் வழியே காதில் விழும். முழங்கால் வலியோடு நள்ளிரவில் தாழ்வாரத்தில் குளியலறை தேடுவதை மாமியார் ரசிக்கமாட்டார். பிற்காலத்தில் சேர்த்த கிழக்கு, மேற்குப் பகுதிகளில் தனிக் குளியலறையோடு எடுங்கள். லிஃப்ட் கட்டாயம் வேண்டுமானால் கிழக்குப் பகுதியைக் கேளுங்கள்.

ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். இடமில்லை என்று வந்தாலும் ரத்தாகும் அறைகள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். தினமும் ஒருமுறை பாருங்கள். பூங்கா நிர்வாகத்தின் இணையதளத்திலிருந்தே முன்பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரங்களில், பூங்காவின் பெயரைச் சூட்டிக்கொண்டு வெளியூர் அறைகளை விற்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு செலவு: 2026 முதல் யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வெளிநாட்டில் வசிப்பவர்களிடம் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. பெரியவர்கள் இருவருக்கும் அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓரிகனில் உள்ள கிரேட்டர் லேக் விடுதியை 1915-இல் திறந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். போய்வந்த நண்பரோ, எல்லாம் 1990-களில் புதிதாகக் கட்டியது என்கிறார். இது ஏமாற்று அல்லவா?

பதில்: இல்லை. இரண்டுமே உண்மை. 1915-இல் திறந்தபோதே அரைகுறைக் கட்டடம். பல அடி உயரத்துக்குக் குவியும் பனியைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. தளர்ந்துபோய், 1989-இல் ஆபத்து என்று மூடினார்கள். பெருங்கூடத்தைப் பிரித்து மறுபடி கட்டி, உட்புறத்தைப் புதுப்பித்து 1995-இல் திறந்தார்கள். தோற்றம் பழையது, குழாயும் கம்பியும் புதியவை. தங்குபவருக்கு இது லாபம்தானே! நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஏரியைப் பார்க்காத அறைகளும் அங்கே உண்டு. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்துவிட்டால், அதிக விலை கொடுத்து எடுத்த ஏரிப்பக்க ஜன்னலிலும் ஏரி தெரியாது. பின்புறத் தாழ்வாரத்து ஆடுநாற்காலிகளில் இருந்து பார்த்தால் அதே ஏரிதான்.

கேள்வி: இத்தகைய விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நூறாண்டு மரக்கட்டடத்தில் அறையில் சமைக்க அனுமதிக்கமாட்டார்கள். 1988 காட்டுத்தீயின்போது ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் தப்பித்ததில், அதற்குச் சற்று முன்புதான் கூரையில் பொருத்தியிருந்த நீர்தெளிப்பான்களுக்கும் பங்குண்டு. தயிர்சாதம், புளியோதரை என்று கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்ட மீதியை மட்டும் வெளிமேசையில் விட்டு நகராதீர்கள். அது கரடிகள் நடமாடும் இடம்.