வாயால கேட்டா சொல்றா, மாக் டெஸ்ட்ல மட்டும் 215

பொண்ணு மக்கா, டியூஷன மாத்தணுமான்னு கேட்டிருந்தீங்க. மக்கு இல்லைங்க, டியூஷனையும் இப்போதைக்கு மாத்தாதீங்க. பாடத்த வாயால கேட்டா சொல்றா, நீட் மாக் டெஸ்ட்ல 720க்கு 215 தான் வருதுன்னா, பெரும்பாலும் அவசரமாத்தான் இருக்கும். 180 கேள்வி, 180 நிமிஷம், ஒன்னுக்கு ஒரே நிமிஷம். யோசிச்சு எழுதுற பிள்ளைய இந்தப் பரீட்சைக்குப் பிடிக்காது, அதுல எனக்கே கோவம் உண்டு.

ஒன்னு பண்ணிப் பாருங்க. போன டெஸ்ட்ல தப்பான பிசிக்ஸ் கேள்விய மட்டும் எடுத்து, ஏ பி சி டி எல்லாம் மறைச்சிட்டு, கடிகாரம் இல்லாம நோட்டுல போடச் சொல்லுங்க. பாதிக்கு மேல சரியா வந்தா பாடம் தெரியும், வேகந்தான் பிரச்சனை. வரலைன்னா பாடத்துலயே ஓட்டை.

எங்க அக்கா பையனுக்கு இதே மாதிரி பார்த்தப்போ, "தவறான கூற்று எது"ன்னு கேட்ட இடத்துலல்லாம் சரியான கூற்றப் போய் கருப்பா ரவுண்டு அடிச்சு வச்சிருந்தான், ஒவ்வொன்னுக்கும் வர வேண்டிய 4 மார்க் போயி மைனஸ் 1 வேற.

இன்னொன்னு, உங்க பொண்ணு ஏற்காட்டுல இருந்து காலைல பஸ்ல 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து எழுதுறான்னு சொன்னீங்களே, தலைசுத்தலோட வந்து உக்காந்தா யாருக்கு ஓடும்? ஒருவாட்டி வீட்லயே எழுத வச்சுப் பாருங்க.

ஆனா ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணிடாதீங்க, மூணு டெஸ்ட்டாவது பாருங்க. 6ல இருந்து 12 வரை அரசுப் பள்ளின்னா தமிழ்நாட்டு மருத்துவ சீட்டுல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, சர்டிபிகேட்ட இப்பவே எடுத்து வைங்க.