பெண் பள்ளிக்குப் போன பிறகு

கேள்வி: லாஸ்பேட்டையில் சொந்த வீடு. மூன்று வருடமாக ஒரு பெட்டைப் பூனை வளர்க்கிறோம். வேளாவேளைக்குப் பால்சோறு வைக்கிறோம். சாப்பிட்டுவிட்டு வெளியே சுற்றும். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தனியாக இருக்கிறார். அவர் செம்பருத்திச் செடியில் கூடு கட்டிய கொண்டைக்குருவியின் குஞ்சுகளை எங்கள் பூனை தின்றுவிட்டதாம். போன அக்டோபரில் குட்டை வாலும் பச்சை முதுகும் வாலடியில் சிவப்புமாக ஒரு பறவையைக் கவ்வி வந்தது. அதற்கும் சண்டை. இப்போது, 'பூனையைப் பிடித்து எங்கேயாவது விட்டுவிடுவேன்' என்கிறார். வாயில்லா ஜீவனை இப்படிச் செய்யலாமா? குட்டிகளால்கூட நாங்கள் யாருக்கும் தொந்தரவு வைத்ததில்லை. ஒவ்வொரு ஈற்றும் பெண் பள்ளிக்குப் போன பிறகு என் கணவர் கட்டைப்பையில் போட்டுத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவார். அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை. இப்போதும் சினையாக இருக்கிறது. அந்த ஆசிரியர்மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஸ்டேஷனில் முதலில் யார் பெயரை எழுதுவார்கள் என்று யோசித்தீர்களா? பெரியவர் விட்டுவிடுவேன் என்று சொல்லத்தான் செய்தார். உங்கள் வீட்டுக்காரர் விட்டுவிட்டே வந்திருக்கிறார், அதுவும் பல தடவை. ஒரு பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் வருடத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். குட்டிக்கும் அது பொருந்தும்.

'பெண் பள்ளிக்குப் போன பிறகு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. சரியான காரியம் என்றால் அவளை வைத்துக்கொண்டே செய்திருக்கலாமே? சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு 'குட்டி எங்கம்மா?' என்று கேட்டிருப்பாளே, என்ன சொன்னீர்கள்? மீன் விற்கிற பாட்டி வளர்க்கிறாள் என்றா? நாளைக்கு அவள் உங்களிடம் எதையாவது மறைத்தால் எந்த முகத்தோடு 'ஏம்மா?' என்று கேட்பீர்கள்?

மீனுக்குப் பஞ்சமில்லையாம். கண் திறந்து சில நாளே ஆன குட்டிக்கு மீன் எதற்கு? அதற்குத் தாய்ப்பால் வேண்டும். ஐஸ் பெட்டி இழுக்கிற இடத்தில், நாய்கள் திரிகிற இடத்தில், வலைக் குவியலுக்குள் ஒண்டிக் கத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் செத்துப்போகும். தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டு, ஆயுசு முழுக்க வேட்டையாடித்தான் தின்னும். துறைமுகத்தை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் அலையாத்திக் காடும் பறவைகளும் இருக்கிறது தெரியும்தானே? அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. அதில் பெரும்பங்கு வளர்ப்பார் இல்லாத பூனைகளுடையது. அந்தப் பூனைகள் வானத்திலிருந்து விழவில்லை, கட்டைப்பையில்தான் வருகின்றன.

இப்போது பெரியவர் கோபத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அக்டோபர் பறவை ஆறுமணிக்குருவி என்றுதான் நினைக்கிறேன். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. ராத்திரியெல்லாம் பறந்து, ஓய்ந்துபோய் நம் கொல்லையில் இறங்கித் தரையில் சருகைக் கிளறும். அந்த நேரத்தில் அதற்குப் பூனையிடமிருந்து தப்பிக்கத் தெம்பு ஏது? கொண்டைக்குருவிக் குஞ்சும் அப்படித்தான். இறக்கை முழுசாக வலுக்கும் முன்பே கூட்டை விட்டு இறங்கித் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும். பல் பட்டுத் தப்பினாலும், பூனை எச்சிலில் இருக்கும் கிருமியே பல பறவைகளை முடித்துவிடும். வாசலில் கொண்டுவந்து போட்டதை மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், பிடித்ததில் கால் பங்குகூட வீடு வந்து சேரவில்லை.

சோறு வைக்கிறோமே என்பீர்கள். வயிறு நிறைந்தாலும் பூனை வேட்டையாடும், அதன்மேல் குற்றமில்லை. பால்சோறு அதற்கு உணவும் இல்லை, அது மாமிசம் தின்கிற ஜாதி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது. வேகவைத்த மீன், கோழி, ஈரல் துண்டு, முடிந்தால் பூனைக்கென்றே விற்கும் தீவனம் கொடுங்கள். இறைச்சி நிறைந்த தீவனம் வைத்தபோது வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதமும், தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதமும் குறைந்ததாக இங்கிலாந்தில் 2021-ல் சோதித்துச் சொன்னார்கள். குச்சியில் நூலைக் கட்டி ஆட்டுவதை உங்கள் பெண்ணிடம் விடுங்கள். ஆனால் குறைந்ததுதான், நிற்கவில்லை. ஆகவே பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், ஒரு தட்டில் மணல் வையுங்கள். அடைத்து வைத்தால் பாவம் என்று யாராவது சொன்னால், லாரி டயரும் தெருநாயும் மட்டும் பாவமில்லையா என்று கேளுங்கள்.

என் வீட்டுத் தட்டில் மூன்று வருடம் சாப்பிட்ட உயிர் என் குடும்பக் கணக்கில் சேர்ந்தது. அதன் பசி, பிரசவம், பிள்ளை, அது இழுத்து வருகிற வம்பு எல்லாம் என் பொறுப்பு. மடியில் கொஞ்ச மட்டும் நான், மற்றதற்குத் துறைமுகமா?

இந்த ஈற்று வீட்டிலேயே நடக்கட்டும். குட்டிகள் இரண்டு மாதம் தாயோடு இருக்கட்டும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும், அதனால் கதவு பத்திரம். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யுங்கள்; குரும்பாபேட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, போய்க் கேளுங்கள். ரேபீஸ் ஊசியையும் மறக்க வேண்டாம். குட்டிகளுக்கு உங்கள் கணவரே வீடு வீடாக ஆள் தேடட்டும். வாங்குகிறவர்களிடம் ஐந்தாறு மாதத்தில் ஆபரேஷன் செய்வோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். பெண்ணையும் கூடவே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

பெரியவர் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் போங்கள். ஐயா, இனி பூனை வெளியே வராது என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்லட்டும். அவர் நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.