கிருமி என்றால் எது? கேள்வி பதில்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 'கிருமி' பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கிருமி தமிழ்ச் சொல்லா? முதலில் என்ன பொருளில் இருந்தது?

வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் புழு. பாரசீகத்திலும் புழுவை 'கிர்ம்' என்பார்கள். இராமானுசரை வருத்தியதாகச் சொல்லப்படும் சோழ மன்னனுக்கு வைணவ மரபு வைத்த பெயர் 'கிருமிகண்ட சோழன்'. கண்டம் என்றால் கழுத்து. கழுத்தில் புண் வந்து புழு வைத்து இறந்தான் என்பது கதை. அந்தக் கிருமி கண்ணுக்குத் தெரிகிற கிருமி! சித்த மருத்துவத்தில் வாய்விளங்கம் கொடுப்பதும் வயிற்றுக் கிருமிக்கு, அதாவது குடற்புழுவுக்குத்தான்.

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். இப்படி ஒவ்வொரு நோய்க்கும் காரணம் தெரியவர, கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் இந்தப் பழைய சொல்லே வந்து சேர்ந்தது. ஆகவே பழைய பாட்டில் 'கிருமி' என்று வந்தால் 'அன்றே வைரஸை அறிந்திருந்தார்கள்' என்று பகிராதீர்கள். புழுவைப் பார்த்து, அதற்கு மருந்தும் கண்டார்களே, அதுவே பெருமைதான்.

நான் பள்ளி ஆசிரியை. நுண்ணுயிர், நோய்க்கிருமி, நச்சுயிரி, தீநுண்மி என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நுண்ணுயிர் என்பது பொதுப்பெயர். நல்லதும் அதில் அடக்கம். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் பாக்டீரியாதான், அதை யாரும் கிருமி என்பதில்லை. நோய் தருவது மட்டும் நோய்க்கிருமி. அதற்குள் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, மலேரியா ஒட்டுண்ணி எல்லாம் வரும். நச்சுயிரி, தீநுண்மி இரண்டுமே வைரஸுக்கான பெயர்கள். எதைச் சொன்னாலும் சரி, ஒரே பாடத்தில் ஒன்றையே சொல்லுங்கள்.

டாக்டர் 'கிருமித் தொற்று' என்றார். ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போடலாமா?

கேட்க வேண்டியது மருந்தை அல்ல. "என்ன கிருமி டாக்டர், பாக்டீரியாவா வைரஸா?" என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரண சளி, ஃப்ளூ இரண்டும் வைரஸால் வருபவை, அங்கே அதற்கு வேலையே இல்லை. தேவையில்லாமல் போடப் போட, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகும். நாளைக்கு உண்மையிலேயே நிமோனியா வரும்போது அதே மாத்திரை கைவிட்டுவிடும். காசநோயில் இன்னும் கவனம் வேண்டும்: வழக்கமாக 6 மாதம் மருந்து. இருமல் நின்றதும் பாதியில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். தயவுசெய்து மெடிக்கலில் சீட்டில்லாமல் 'ரெண்டு மாத்திரை' வாங்காதீர்கள்.

கிருமிநாசினியைப் புண்ணில் போடலாமா?

தரைக்கும் கழிப்பறைக்கும் உள்ளதைத் தோலில் படவிடாதீர்கள். புண்ணுக்கென்று ஆன்டிசெப்டிக் தனியாக இருக்கிறது. அப்புறம், பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

சானிடைசர் இருந்தால் சோப்பு எதற்கு?

சோப்புதான் முதலில். சானிடைசரில் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும், கையும் அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸுக்கு அது போதாது. வீட்டில் யாருக்காவது அந்தத் தொல்லை இருந்தால், சமைக்கும் முன் சோப்புப் போட்டே கை கழுவுங்கள்.