இயேசு பாவமில்லாதவர் என்றால், பாடுகளினால் ஏன் கீழ்ப்படிதலைக் கற்க வேண்டும்?

கேள்வி எழுவது வேதாகமத்தின் எபிரெயர் நிருபம் 5:8-இலிருந்து: "அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு..."

முதலில் அடங்காமல் இருந்து பிறகு திருந்தினார் என்று இதை வாசிக்கவே கூடாது. ஓர் அதிகாரம் முன்பே, 4:15-இல், அவர் பாவமில்லாதவர் என்று அதே நிருபம் சொல்லிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் 'எமத்தென்' (கற்றார்), 'எபத்தென்' (பாடுபட்டார்) என்ற ஓசை ஒத்த சொற்கள் இணைந்து வருகின்றன. அது அக்காலத்துப் பழமொழி வழக்கு. அனுபவித்து அறிதலே அதன் பொருள். விலை கொடுக்காதவரை கீழ்ப்படிதல் மனதில் உள்ள சம்மதம்தான். கொடுத்தபின் அது செயல்.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பாருங்கள். "இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடு) நீங்கட்டும்" என்று வாய்விட்டுக் கேட்கிறார், தரையில் விழுந்து கேட்கிறார், அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்கிறார். எபிரெயர் 5:7 "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" என்கிறது. ஆகவே அழுவதும் மாற்றுவழி கேட்பதும் கீழ்ப்படியாமை அல்ல. ஜெபிக்கும்போது அந்த வரிசையையே பின்பற்றலாம்: வேண்டுவதை ஒளிக்காமல் சொல்லுங்கள், பிறகு "உம்முடைய சித்தத்தின்படியே" என்று ஒப்புக்கொடுங்கள். முதல் பாதியை விழுங்கிவிட்டால் இரண்டாவது வெறும் உதட்டளவில் நின்றுவிடும்.

பெரிய தவறு ஒன்று நம் சபைகளில் நடக்கிறது: "அடிக்கிற கணவனோடு பொறுத்துக்கொண்டு இரு" என்று மனைவியிடம் சொல்ல இந்த வசனத்தை எடுப்பது. இயேசு கீழ்ப்படிந்தது பிதாவுக்கு, தம்மை அடித்தவர்களுக்கு அல்ல. கல்லெறிய வந்தபோது விலகிப் போனார் (யோவான் 8:59). தாவீதும் சவுல் ராஜாவின் ஈட்டிக்கு விலகி அன்று இராத்திரியே தப்பியோடினான் (1 சாமுவேல் 19:10).